அபியாவில் இன்று மழை

அந்த அக்டோபரில் ஃபெட்டுவிடமிருந்து புகார் வரவில்லை.

செவ்வாய்க்கிழமையே புது பிரவுசர் வெளியாகிவிட்டது. வழக்கப்படி பார்த்தால் புதன் காலையில் அவருடைய நாலு வரி வந்து கிடக்க வேண்டும். மெரின் நான்கெர்விஸ் டீயைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. துணி உலர்த்திவிட்டு வந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. பத்து மணி சுமாருக்குக் கனடாவிலிருந்து யாரோ, பேர்கூடப் போடாமல், 'வேலை செய்யவில்லை. எப்போது சரியாகும்?' என்று எழுதியிருந்தார். ஃபெட்டுவாக இருந்தால் முதலில் வணக்கம் சொல்லியிருப்பார்.

மெரினுக்கு ஐம்பத்தேழு வயது. தெற்கு ஆஸ்திரேலியாவின் வாலரூவில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி வீடு. சாயங்காலமானால் தானியக் கிடங்குகளின் நிழல் சமையலறை வரை நீளும். பிள்ளைகள் இல்லை. புருஷன் ரஸ்ஸல் மேற்கே சுரங்க வேலைக்குப் போனான். இரண்டு வாரம் அங்கே, ஒரு வாரம் வீட்டில் என்று ஆரம்பித்தது; வரவர அங்கே இருப்பது நீண்டு இங்கே வருவது குறைந்தது. கடைசியாகத் துணிமணிகளை எடுக்க வந்தபோது பெட்டியைக் கார் வரை தூக்கிப் போய்க் கொடுத்தவளே மெரின்தான். சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை போடுகிற அளவுக்கு அவன் பேசியதும் இல்லை. 'காத்து வடக்க திரும்பிருச்சு' என்பான். ஒரு நாளில் அவன் பேசுகிற நீளமான பேச்சு அதுதான்.

மெரின் வீட்டிலிருந்தே வேலை பார்த்தது அடிலெய்டில் இருந்த ஒரு சின்னக் கம்பெனிக்கு. கிளினிக்குகளில் டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்கிற வலைப்பக்கங்களை அவர்கள் செய்து கொடுத்தார்கள். அந்தப் பக்கங்களில் என்ன கோளாறு இருக்கிறது என்று சோதித்துச் சொல்வது மெரினின் பொறுப்பு. பிறந்த தேதி கேட்கிற இடத்தில் நாளைய தேதியைப் போட்டுப் பார்ப்பாள். பேர் கேட்கிற இடத்தில் வெறும் புள்ளி வைப்பாள். ஒரே பொத்தானை ஐந்து தடவை அமுக்குவாள். எல்லாவற்றையும் கையால் செய்தால் நாள் போதாது என்பதால் பிரவுசரைத் தானாக ஓட்டுகிற நிரல்களை எழுதி வைத்திருந்தாள். அதுவே திறக்கும், நிரப்பும், அமுக்கும், மூடும்.

அப்படி ஓட்டுவதற்கு நடுவில் டிரைவர் என்று ஒரு சிறு நிரல் வேண்டும். பிரவுசர் எந்தப் பதிப்போ, டிரைவரும் அதே பதிப்பாக இருந்தாக வேண்டும். பிரவுசரோ நாலு வாரத்துக்கு ஒருமுறை யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். காலையில் வந்து உட்கார்ந்தால், முந்தின நாள் வரை ஒழுங்காக ஓடியதெல்லாம் சிவப்புச் சிவப்பாக நிற்கும்.

இந்தத் தொல்லை தாங்காமல்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் ஒரு கருவி எழுதினாள். படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் போதும். இந்தக் கம்ப்யூட்டரில் இருப்பது என்ன பிரவுசர், எந்தப் பதிப்பு என்று பார்த்து, பொருந்துகிற டிரைவரை இறக்கி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிடும். காக்கிள் என்று பேர் வைத்தாள். அவர்கள் ஊர்க் கடற்கரையில் காலில் இடறுகிற சிப்பியின் பேர் அது. இரண்டு மூடியும் இடைவெளியே இல்லாமல் பொருந்தும். யாருக்காவது உதவட்டும் என்று வலையில் இலவசமாகப் போட்டாள்.

உதவியது. யாருக்கு என்றுதான் தெரியாது. தினமும் ஆயிரக்கணக்கான தடவை எங்கெங்கோ இறக்கிக்கொள்கிறார்கள் என்று எண்ணிக்கை மட்டும் காட்டும். ஓடுகிற நாளில் ஒருவரும் எழுதமாட்டார்கள். நின்ற நாளில் காக்கிளின் பக்கத்தில் புகார் எழுதுவார்கள்.

ஃபெட்டு லெமாலு அந்த ரகம் இல்லை. பசிபிக் தீவு நாடான சமோவாவில், அபியா துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு ஆபீஸில் அவருக்கு வேலை. கப்பல் கம்பெனிகளின் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து எந்தக் கப்பல் என்றைக்கு வரும் என்று பட்டியல் எடுப்பதை அவர் நிரலிடம் விட்டிருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதிய முதல் கடிதம் முழுப் பக்கத்துக்கு இருந்தது. காக்கிள் வந்த பிறகு காலையில் தனக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகிறது, உட்கார்ந்து நிதானமாகக் கோகோ குடிக்க முடிகிறது என்று எழுதி, ஆபீஸ் போன் நம்பரையும் கொடுத்திருந்தார். மெரின் பதில் போட்டாள். இன்னொரு கடிதம் வந்தது. அதன் பிறகு கடிதங்கள் சுருங்கி, நாலு வாரத்துக்கு ஒருமுறை வருகிற புகாராகிவிட்டன.

'தலோஃபா மெரின். அபியாவில் இன்று மழை, இருபத்தெட்டு டிகிரி. புது பிரவுசர் வந்துவிட்டது, டிரைவர் பொருந்தவில்லை. நன்றி. ஃபெட்டு.'

தலோஃபா என்பது அவர்கள் ஊர் வணக்கம். எப்போதும் வருவது அபியா நேரம் காலை ஒன்பது நாற்பதுக்கு. கோகோ குடித்து முடித்துவிட்டு எழுதுகிறார் என்று மெரின் கணக்குப் போட்டுக்கொண்டாள். கிறிஸ்துமஸ் அன்றுகூட ஒருமுறை வந்தது. பண்டிகை நாளில்கூட நினைத்து எழுதினாரே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அவள் பதில்கள் முதலில் 'சரி செய்துவிட்டேன்' என்ற அளவில்தான் இருந்தன. பிறகு, அவர் வானிலை சொல்கிறாரே, நாமும் சொல்வோம் என்று, 'இங்கே நாற்பத்து மூன்று டிகிரி, வடக்குக் காற்று செம்மண்ணை அள்ளி வந்து துணிமேல் கொட்டிவிட்டது' என்று ஒரு வரி சேர்த்தாள். வரி பத்தியாகியது. முழங்கால் ஆபரேஷனைப் பற்றி எழுதினாள். ரஸ்ஸல் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டதை எழுதினாள். பக்கத்து ஊரான மூன்டாவில் இருந்த தம்பி டென்சில் படகிலேயே மாரடைப்பு வந்து போனபோது அவனுடைய சிநேகிதர்களுக்குக்கூட அப்புறம்தான் சொன்னாள். முதலில் ஃபெட்டுவுக்கு எழுதினாள். பதில் வரவில்லை. நாலு வாரம் கழித்து, 'தலோஃபா மெரின். அபியாவில் இன்று வானம் தெளிவு' என்று வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் சற்று நேரம் அழுதாள். அதிகம் பேசாத மனிதர், தனக்குத் தெரிந்த விதத்தில் ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தாள். அப்படிப்பட்ட ஆணோடு அவள் பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தியிருந்தாள்.

கம்பெனியில் அவளுக்கு மேலே இருந்த டங்கன் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறான்.

"மெரின், ஒவ்வொரு பதிப்புக்கும் நீங்களே கையால ஒரு வரி சேர்க்கிறீங்களே, எதுக்கு? புதுசு வந்தா அதுவே தேடிக் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதிடலாமே. ஒரு மத்தியான வேலை."

"நான் ஒரு தடவை பார்த்துட்டுப் போட்டா நிம்மதியா இருக்கும் டங்கன்" என்பாள். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அதுவே தேடிக்கொண்டால் காக்கிள் நிற்காது. நிற்காவிட்டால் யாரும் புகார் எழுதமாட்டார்கள்.

நவம்பர் பதிப்பும் வந்தது. ஃபெட்டு எழுதவில்லை. சமோவாவில் புயல் ஏதாவது அடித்ததா என்று தேடிப் பார்த்தாள். அடிக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஷிர்ல் கதவைத் தட்டுகிற வழக்கம் இல்லாதவள். எழுபது வயதிலும் வேலியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்து ஜன்னலில் முகத்தை வைப்பாள்.

"ஏண்டி, உயிரோட இருக்கியா? மூணு நாளா உன் குப்பைத்தொட்டி ரோட்டுலயே நிக்குது. நாந்தான் உள்ள இழுத்து விட்டேன்."

"மறந்துட்டேன் ஷிர்ல்."

"மறக்குறதுக்கு உனக்கு என்ன, வீடு நெறைய ஆளா? என்ன விஷயம், சொல்லு."

மெரின் சொன்னாள். ஷிர்ல் ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்.

"எத்தனை வயசு அவனுக்கு?"

"தெரியாது."

"பொண்டாட்டி?"

"தெரியாது."

"என்னதாண்டி எழுதுவான்?"

"அங்க மழை பெய்யுதுன்னு எழுதுவார்."

ஷிர்ல் சிரித்த சிரிப்பில் மதில்மேல் இருந்த கடற்புறா பறந்துபோனது. "நாலு வருஷமா மழை பெய்யுதுன்னு எழுதுறவனுக்காடி மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்க? எங்க வீட்டு ரேடியோ தினம் அதத்தான் சொல்லுது, நான் அதுக்குக் கடுதாசியா போட்டேன்?" மெரின் சிரிக்காததைப் பார்த்ததும் அவள் குரல் தணிந்தது. "போன் நம்பர் இருக்குல்ல? அடிச்சுப் பாரு. செத்துகித்துப் போயிருந்தா நமக்குத் தெரியவாவது வேண்டாமா."

மறுநாள் காலை எட்டு மணிக்கு மெரின் அபியாவுக்குப் போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள். பேர் லோசா என்றாள்.

"ஃபெட்டுவா? லெமாலு ஃபெட்டுவா? அவர் போயி மூணு வருஷத்துக்கு மேல ஆச்சே அக்கா. ஆக்லாந்துல இருக்காரு, மக வீட்டுக்குப் பக்கத்துல."

"இல்லம்மா, போன செப்டம்பர்ல எழுதினாரே."

"எங்க ஆபீஸ்லேருந்தா?"

"ஆமா. இந்த ஆபீஸ் பேருலதான்."

"இருங்க." லோசா யாரிடமோ அவர்கள் மொழியில் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். "மாடிப்படிக்குக் கீழ ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்துச்சு அக்கா. நாளெல்லாம் உர்ர்ருனு கிடக்கும். 'தொடாதே, ஃபெட்டு'ன்னு எழுதி ஒட்டியிருந்தார். கப்பல் பட்டியல் அதுலேருந்து வருதுன்னு நாங்களும் தொடல. இப்ப பட்டியலுக்குப் புதுசா வேற ஏற்பாடு பண்ணிட்டாங்க. அக்டோபர்ல வர்ற வெள்ளை ஞாயிறு பண்டிகைக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சோம். அப்பத்தான் அதைப் பிடுங்கி வெளிய வச்சோம்."

மெரின் சுவர்க் காலண்டரில் அக்டோபரைத் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா? இருக்கீங்களா? அப்போ உங்களுக்கு எழுதினது யாரு?"

"தெரியலம்மா" என்றாள் மெரின்.

தெரிந்துவிட்டது. போனை வைத்துவிட்டு எல்லாப் புகாரையும் திறந்தாள். நாற்பத்தாறு இருந்தன. நாற்பத்தாறும் ஒன்பது நாற்பது. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்லை. அபியாவின் வானிலைப் பக்கத்தைத் தேடித் திறந்து பார்த்தாள். 'இன்று மழை', 'வானம் தெளிவு' என்று அதே வார்த்தைகள் அதே வரிசையில் இருந்தன. தினமும் காக்கிளை ஓட்டிப் பார்த்து, நின்றுபோன நாளில் அந்தப் பெட்டி தானாகப் புகார் எழுதி அனுப்பியிருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க அவளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பிறந்த தேதிக் கட்டத்தில் ஒளிந்திருக்கும் பிழையை மோப்பம் பிடித்துவிடுகிறவள். இந்த ஒன்றை மட்டும் அவள் சோதித்துப் பார்த்ததே இல்லை.

ஒவ்வொரு புகாருக்குக் கீழேயும் அவள் பதில் இருந்தது. காக்கிளின் பக்கத்துக்கு யார் வந்தாலும் படிக்கலாம் என்கிற மாதிரிதான் அவை அங்கே கிடந்தன. அவளுக்குக் காது வரை சூடேறியது. டென்சிலைப் பற்றி எழுதியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவர ஆளில்லாமல் டாக்ஸி பிடித்தது. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் அழித்துவிட அவளால் முடியும். அதுதானே அவள் தொழில். ஆனால் கையால் ஒவ்வொன்றாக அழித்தாள். அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் படித்தாள். பகல் பூராவும் அதிலேயே போனது. சாப்பிட எழுந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. பின்னணியில் தட்டுகளின் சத்தம், குழந்தைகள், யாரோ பாடுவது எல்லாம் கேட்டது.

"மெரின் மேடமா? நான் ஃபெட்டு. லோசா உங்க நம்பரைக் கொடுத்தா." கனத்த, சிரித்துக்கொண்டே பேசுகிற குரல். அவள் நினைத்து வைத்திருந்த குரல் இது இல்லை. "அந்தப் பொட்டி இத்தனை நாளா ஓடிட்டா இருந்துச்சு? கடவுளே! கிளம்புறப்ப நிறுத்திட்டு வரணும்னு இருந்தேன் மேடம். பிளேனுக்கு நேரமாச்சுன்னு எல்லாரும் கத்துனதுல விட்டுப்போச்சு. ரொம்பத் தொந்தரவு பண்ணிருச்சா?"

"சே சே, தொந்தரவெல்லாம் இல்ல. உதவியாத்தான் இருந்துச்சு. எப்ப நிக்குதுன்னு முதல்ல அதான் வந்து சொல்லும்."

"அப்ப சரி. நான் பயந்தே போயிட்டேன், ஏதோ கேஸ் போடப் போறீங்கன்னு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மெரின் போன் வயரை விரலில் சுற்றினாள். "ஒண்ணு கேக்கணும். அதுல மழை, வெயில்னு போட்டீங்களே, அது எதுக்கு?"

"நீங்கதான மேடம் கேட்டீங்க?"

"நானா?"

"முதல் கடிதத்துக்குப் பதில் போட்டப்ப. அங்க இப்ப மழையா வெயிலான்னு கேட்டிருந்தீங்க. நான் அடுத்த கடிதத்துல அதைச் சொல்ல மறந்துட்டேன். ஒருத்தர் கேட்டு நாம சொல்லலையேன்னு மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. அப்புறம் அந்தப் புகார் எழுதுற நிரலைப் பண்றப்ப, சரி, இனி ஒவ்வொரு தடவையும் சொல்லிருவோம்னு வானிலைப் பக்கத்துலேருந்து எடுத்துப் போடச் சொன்னேன்."

அப்படிக் கேட்டது மெரினுக்கு நினைவே இல்லை.

"நீங்க ஏதாவது பதில் போட்டிருந்தீங்களா?" என்றார் ஃபெட்டு. "பதில் வர்ற அந்த ஆபீஸ் மெயிலை நான் அப்புறம் திறக்கவே இல்ல."

"பெருசா ஒண்ணுமில்ல. சரி பண்ணியாச்சுன்னு போடுவேன்."

"இப்ப நான் மரக்கடையில பலகை தூக்குறேன் மேடம். கம்ப்யூட்டர் பக்கமே போறதில்ல. உக்காந்து உக்காந்து வளைஞ்சு போயிருந்த முதுகு இப்பத்தான் நேரா நிக்குது." பின்னாலிருந்து ஒரு குழந்தை, "தாத்தா, எல்லாரும் உனக்காகத்தான் காத்திருக்கோம்!" என்று கத்தியது. "சர்ச் முடிஞ்சு சாப்பாடு மேடம். நான் உக்காராம யாரும் தட்டுல கை வைக்க முடியாது. போகட்டா?"

"போங்க போங்க. ஆறிடப் போகுது."

"ஆக்லாந்து வந்தா கட்டாயம் வீட்டுக்கு வரணும்."

"கட்டாயம்" என்றாள் மெரின்.

ஆறு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாகப் பேசியிருந்தார்கள். அவர் நல்ல மனிதர்தான். அதில் அவள் ஏமாறவில்லை. ஆனால் நாலு வருஷமாக அவள் எழுதி வந்தது இந்த மனிதருக்கு இல்லை. பேரன் பேத்திகளோடு உட்கார்ந்து சாப்பிடப் போகிறவருக்கு டென்சிலைப் பற்றி இப்போது எடுத்துச் சொல்ல வாயும் வரவில்லை, இடமும் இல்லை. அவர் குரல் இனிமேல் நினைவிருக்கும். முன்பு நினைத்து வைத்திருந்த குரல் எப்படி இருந்தது என்று மத்தியானம் யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை.

அடுத்த வாரமே உட்கார்ந்து காக்கிளைத் திருத்தினாள். புது பிரவுசர் வந்தால் அதற்கான டிரைவர் எங்கே இருக்கிறது என்று அதுவே தேடி, சரிபார்த்து, எடுத்துக்கொள்ளும். டங்கன் சொன்னது சரிதான். ஒரு மத்தியானத்தில் முடிந்துவிட்டது.

"மூணு வருஷமா சொன்னேன், கேட்டீங்களா?" என்றான் டங்கன் போனில். "இப்ப என்ன திடீர்னு ஞானம்?"

"கையில நேரம் இருந்துச்சு" என்றாள்.

டிசம்பர் பதிப்பு வெளியான மறுநாள் காலை அவள் பழக்கதோஷத்தில் டீயோடு வந்து திரை முன் உட்கார்ந்தாள். எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் எங்கெங்கோ பிரவுசர்கள் திறந்தன, தாமாகவே நிரப்பின, மூடின. கனடாக்காரர்கூட எழுதவில்லை. ஒரு கோளாறும் இல்லாமல் எல்லாம் நடந்தது. டீ ஆறும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு வந்த எந்தப் பதிப்புக்கும் அவள் அப்படி உட்காரவில்லை.

புத்தாண்டு முடிந்ததும் வியாழக்கிழமைகளில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் காடினாவுக்குப் போய், அங்கே நூலகத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்தாள். வீட்டில் ஏசி சரியில்லை என்று டங்கனிடம் காரணம் சொன்னாள். ஷிர்லிடம் காரணம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஜன்னலோர மேஜை. ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம், திருப்பித் தருகிற புத்தகங்கள் பெட்டியில் விழுகிற சத்தம், நாளிதழைப் பெரிதாக மடக்கிப் படிக்கிற ஒரு கிழவர். யாரும் அவளிடம் பேசவில்லை. அவளும் பேசவில்லை.

நாலாவது வியாழக்கிழமை ஒரு பெண், கையில் போனும் சார்ஜருமாக, சுவரோரம் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிளக் வேலை செய்யாது" என்றாள் மெரின். "இங்க வாங்க, இந்தப் பிளக் நல்லாருக்கு."

"அப்பாடா. தேங்க்ஸ்ங்க. ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு."

மெரின் தன் பையை நகர்த்தி இடம் கொடுத்தாள். அந்தப் பெண் சார்ஜரைச் செருகிவிட்டு எதிரே உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தாள். அரைமணி நேரம் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். பிறகு அவள் எழுந்து, "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மெரின் நாலு மணி வரை இருந்து வேலையை முடித்தாள். வெளியே கோடை வெயிலில் கார் கொதித்துக் கிடந்தது. நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, ஸ்டியரிங் கை வைக்கிற அளவுக்கு ஆறும் வரை மர நிழலில் நின்றிருந்தாள்.